செட்டிநாட்டில் எங்கோ விழும் புள்ளிக்குப் போய்வருவது

#1 வரத்துக்கால் (காரைக்குடி)

செட்டிநாட்டுப் பக்கம் இதைச் செய்கிறவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்த இழை.

கொஞ்ச காலமாக நானும் என் மச்சானும் சனிக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு, நாங்கள் தேர்ந்தெடுக்காத ஓர் இடத்துக்குப் போய்வருகிறோம். கோயில், திருவிழா, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று எந்தக் காரணமும் கிடையாது. ஒரு கணக்கு இரண்டு எண்களைத் தரும். ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை. இரண்டும் சேரும் இடம் பொழுதுக்குள் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருந்தால் கிளம்பிவிடுவோம்.

2008 மே மாதம் ராண்டல் மன்றோ என்ற அமெரிக்கர் தன் இணையச் சித்திரத் தொடரில் இந்த யோசனையைப் போட்டார். ஜியோஹாஷிங் என்பார்கள். அன்றைய தேதியையும், நியூயார்க் பங்குச்சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு எந்த எண்ணில் தொடங்கியதோ அதையும் ஒட்டி எழுதி, எம்.டி.5 என்ற கணக்குக்குள் விட்டால் 32 குறிகள் கொண்ட ஒரு சரம் வரும். அதை நடுவில் வெட்டி, ஒவ்வொரு பாதியையும் ஒரு தசமப் பின்னமாக மாற்ற வேண்டும். நாம் இருக்கிற டிகிரி எண்ணுக்குப் பின்னால் அந்தப் பின்னங்களைச் சேர்த்தால் அன்றைய புள்ளி கிடைத்துவிடும். சந்தை எந்த எண்ணில் திறக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் புள்ளியைத் தன் வசதிக்கு ஏற்ப யாரும் வளைக்க முடியாது.

2000-இல் தொடங்கிய ஜியோகேச்சிங்குடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் யாரோ ஒருவர் முன்னாலேயே போய் ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருப்பார். இதில் அப்படி எதுவும் கிடையாது. போய்ச் சேர வேண்டும், நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. 10 டிகிரி வடக்கு அட்சரேகை காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் போகிறது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், பிள்ளையார்பட்டி எல்லாம் அதற்கு வடக்கே. தேவகோட்டை, காளையார்கோவில், நாட்டரசன்கோட்டை தெற்கே. ஆகவே ஒரே நாளில் நமக்கு இரண்டு புள்ளிகள். ஒன்று 10-இல் ஆரம்பிக்கும், இன்னொன்று 9-இல் ஆரம்பிக்கும். தீர்க்கரேகை இரண்டுக்கும் 78-தான்.

சேர்ந்து போக ஆள் இருந்தால் நன்றாக இருக்கும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

#2 முகப்புத்தூண் (தேவகோட்டை)

தம்பி, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்களில் பார்க்க வேண்டியவை இன்னும் முழுதாகப் பார்க்கப்படவே இல்லை. நகரத்தார் கோயில்கள் ஒன்பது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. உள்ளூர்க்காரர்களிலேயே ஒன்பதுக்கும் போனவர்கள் எத்தனை பேர்? இரணியூர் மண்டபத் தூண்களை நிதானமாகப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். இன்னொரு பக்கம், பர்மாத் தேக்கில் நிலை வைத்துக் கட்டிய வீடுகள் ஆள் இல்லாமல் ஒழுகுகின்றன. அவற்றின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன. பத்து வருடம் கழித்து அந்த வளவுகளைப் பார்க்க நினைத்தால் வளவு இருக்காது.

கையில் ஒரு சனிக்கிழமை இருந்தால் அதை இவற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பொட்டலில் போய் நிற்பதற்கு நியூயார்க் சந்தை எண் எதற்கு?

#3 வரத்துக்கால்

> #2: பொட்டலில் போய் நிற்பதற்கு நியூயார்க் சந்தை எண் எதற்கு?

அண்ணே, வீடுகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் செட்டிநாடு என்றாலே கானாடுகாத்தானில் நாலு தெரு, ஆத்தங்குடிப் பூங்கல் தரை, ஒரு விருந்துச் சாப்பாடு என்று ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்களை விடுங்கள், நாமும் அதே தடத்தில்தான் வண்டி ஓட்டுகிறோம். அந்த வீடுகளுக்கும் ஊருணிகளுக்கும் வெளியே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது. புள்ளி எந்தத் தடத்தையும் பார்த்து விழுவதில்லை. எனக்கு அதன் மதிப்பே அங்கேதான்.

சமீபத்தில் போன ஒன்றைச் சொல்கிறேன். கல்லலுக்கும் காளையார்கோவிலுக்கும் இடையில் தார் ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. செம்மண் பாதை முடிந்ததும் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தோம். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், வேறு மரமே கண்ணில் படவில்லை. அதைத் தாண்டினால் சட்டென்று ஒரு கண்மாய்க் கரை. ஏறி அந்தப் பக்கம் பார்த்தால் உள்வாய் முழுக்க வற்றிக் கிடக்கிறது. புள்ளி அதற்குள்ளே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

இறங்கிப் போனோம். களிமண் வெடித்து ஓடு ஓடாகப் பெயர்ந்திருந்தது. வெடிப்புக்குள் நத்தைக் கூடுகள், மேலே ஆட்டுக் குளம்புத் தடம். புள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு கல்தூண்கள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. இரண்டுக்கும் குறுக்கே மேலும் கீழுமாகப் பலகைக் கல், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. நேர் கீழே தரையில் புதைந்த கல்தொட்டி. குமிழித் தூம்பு. படத்தில் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் போய்த் தொட்டது அன்றைக்குத்தான்.

அந்தத் துளைகள் வழியாக ஒரு கழி இறங்கும். கழியின் அடியில் மூடிக்கல். கழியைத் தூக்கினால் மூடி விலகி, தொட்டியின் மேல் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அதற்கு நீரோடித் துளை என்று பெயர். தொட்டியின் பக்கவாட்டில், தரையை ஒட்டிச் சின்னத் துளைகள் இருக்கின்றன. அவை சேறோடித் துளைகள். தண்ணீர் இழுக்கும்போது அடியில் படிந்த வண்டலும் அந்தத் துளைகள் வழியாகச் சேர்ந்து கரைக்கு அடியில் போய் வயலில் இறங்கும். வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர் வாரும் வேலை குறைவு. இரண்டையும் ஒரே கல்தொட்டியில் முடித்திருக்கிறார்கள். நான் கையை விட்டுப் பார்த்தேன். துளையின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது, வெளியே உளிக் கொத்து அப்படியே கரடுமுரடாக இருந்தது. மூடிக்கல்லைக் காணோம். இப்போது பாசனம் அந்தக் கரையிலேயே இரும்பு ஷட்டர் வைத்த மடையில்தான் நடக்கிறது.

ஆடு மேய்த்த ஓர் ஆத்தா வந்து, "யாரு வீட்டுப் பிள்ளைக? இங்க என்னத்தத் தேடுறீக?" என்று கேட்டார். புள்ளிக் கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், கலுங்கு (மிகுதித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்தால் எந்த ஊர்க் கம்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அடுத்து எது என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். கண்மாய்க்குக் கண்மாய் கோத்துவிட்ட அந்த வரிசை எந்தச் சுற்றுலாத் தாளிலும் இல்லை. தேனாறும் விருசுழியாறும் வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் சீமையில், ஐப்பசி கார்த்திகை மழையை நிறுத்தி வைத்து ஊர்களை வாழவைத்தது இந்தக் கோர்வைதான். வீடு கட்டப் பணம் கடல் கடந்து வந்தது, சரி. சோறு இங்கேயிருந்துதானே வந்தது?

புள்ளியின் எண்களை இங்கே போடவில்லை. தூம்பு தனியாக நிற்கிற இடம், வேண்டாம்.

#4 பழைய சங்கிலி (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போவதற்கு முன்னால் இடம் யாருடையது என்று பாருங்கள். அரசின் தமிழ்நிலம் இணைய வரைபடத்தில் புள்ளியைத் தொட்டால் சர்வே எண் தெரியும். அ-பதிவேட்டைப் பார்த்தால் பட்டா நிலமா, கண்மாய்ப் புறம்போக்கா, மேய்ச்சல் தரையா, காட்டு இலாகாவா என்று விளங்கிவிடும். பட்டா நிலம் என்றால் ஆளைக் கேட்காமல் இறங்கக் கூடாது. புறம்போக்கு என்றாலும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

வரப்பு ஓரத்தில் நட்டிருக்கும் சர்வே கற்களை அசைக்காதீர்கள், படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று சுற்றிலும் கொத்தவும் வேண்டாம். ஒரு கல் நகர்ந்தால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். நான் கண்ணால் பார்த்தது.

பழைய டோப்போ தாள்களை (அச்சிட்ட நில வரைபடங்களை) வைத்துக்கொண்டு இடம் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் கோளவுரு என்ற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் போன் காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற புதிய கணக்கு. எண் ஒன்றாக இருந்தாலும் தரையில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். தாளில் படித்த எண்ணைப் போனில் போட்டுவிட்டுக் கோயிலைக் காணோம் என்று தேடக் கூடாது.

1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆரம்பித்த நில அளவை வேலை, முக்கோணம் முக்கோணமாக நம் சீமைக்கும் வந்தது. மேடு இல்லாத இடங்களில் கோபுரத்தின் மேல் கருவியை ஏற்றிப் பார்த்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போதுதான் அந்தப் பெரிய தியோடலைட் அடிபட்டது. அரை டன் எடை. இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கிற கருவி வெட்டவெளியில் ஐந்து மீட்டருக்குள் சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு நாலு இளவட்டங்கள் கண்மாயைத் தேடிப் போவதைக் கேட்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

#5 பனங்கிழங்கு (புதுவயல்)

நானும் போகிறேன்! இங்கே இன்னொரு ஆள் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

பெண்கள் படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்காக எழுதுகிறேன். நான் தனியாகப் போவதில்லை, சித்தப்பா அல்லது கூடப் படித்த தோழி வருவாள். இடத்தை வீட்டில் சொல்லிவிட்டு, போனில் நேரலை இருப்பிடத்தையும் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். சிக்னல் போய்விடும் என்பதால் முதல் நாளே வரைபடத்தை இறக்கிக்கொள்வது நல்லது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடும் ஆப்கள் நெட் இல்லாமலும் வழி காட்டும். வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதைகூடச் சில இடங்களில் அதில் இருக்கிறது.

திருமயம் பக்கம் ஒருமுறை புள்ளி தைலமரக் காட்டுக்குள் விழுந்தது. உள்ளே போனால் ஒரு பறவைச் சத்தம் இல்லை. வரிசை வரிசையாக மரம், கீழே சருகு, புல் பூண்டு எதுவும் முளைக்கவில்லை. மாடு மேய்க்க வந்தவர் ஒருவர், இது முன்னே ஊர் மேய்ச்சல் காடு, வீரையும் காட்டுக் களாவும் நின்றது, மழைத் தண்ணீர் இதன் வழியாகத்தான் கண்மாய்க்கு வந்தது என்றார். தைல நாற்று நடுவதற்கு வரப்பு வரப்பாக மண்ணை அணைத்ததில் வரத்து நின்றுபோயிற்றாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் தைல மரத்துக்கு எதிராகக் கிராமங்கள் வழக்குப் போட்டதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். படித்தபோது எனக்கு அது வெறும் செய்தி. அந்தக் காட்டுக்குள் நின்றபோது கோபம் வந்தது.

இன்னொன்று, கோயில்காடு. அய்யனார் கோயிலைச் சுற்றிய காட்டில் புள்ளி விழுந்தால் செருப்பை வெளியே விட வேண்டும். சில இடங்களில் பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை. எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் ஊர்க்காரர்களைக் கேட்டு, அவர்கள் நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டேன். அங்கே நான் விருந்தாளி.

#6 மேலக்காட்டான் (காளையார்கோவில் பக்கம்)

நான் விவசாயி. எங்கள் பக்கத்து நிலத்துக்கு உங்களைப் போல யாரோ வந்திருந்தார்கள் என்று ஊரில் பேச்சு வந்ததால் தேடிப் படித்தேன்.

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். தெரியாத ஆள் போனைப் பிடித்துக்கொண்டு வயலைச் சுற்றினால் எங்களுக்கு முதலில் தோன்றுவது நிலத் தரகர். அடுத்தது, ரோட்டுக்கோ வேறெதற்கோ நிலம் எடுக்க அளக்க வந்தவர். அதற்கும் அடுத்தது கோயில் சிலை, புதையல் என்று அலைகிறவர்கள். மூன்றாலும் பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் கடுமையாகக் கேட்போம். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வயலை நோக்கி நேராகப் போகாமல் முதலில் ஊருக்குள் வாருங்கள். டீக்கடையில் சொல்லுங்கள். எந்த ஊர், யார் வீடு என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நாற்று நட்டிருந்தால் வரப்பில் மட்டும் நடங்கள், புது வரப்பு என்றால் அதிலும் வேண்டாம். படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்து கிடந்தால் ஆடு இறங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் பயிர் நிற்கும்போது வராமல், தை அறுப்பு முடிந்து வந்தால் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

தூம்பு இருக்கும் இடத்தைப் போடாமல் விட்டதற்கு நன்றி தம்பி. அதற்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துத் தோண்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

#7 வரத்துக்கால்

ஐயா (#4), நீங்கள் சொன்ன டோப்போ விலகல் இவ்வளவு இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ரொம்ப நன்றி.

மேலக்காட்டான் அண்ணே, முதலில் ஊருக்குள் வாருங்கள் என்று சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். தை, மாசி, பங்குனிதான் நல்ல காலம் என்பதும் சரி. சித்திரை வெயிலில் பொட்டலில் நடக்கவே கூடாது.

#8 கணக்கன் (திருச்சி)

நேரக் கணக்கில் பலருக்கும் சந்தேகம் வரும், அதனால் விளக்கிவிடுகிறேன்.

நியூயார்க் சந்தை அவர்கள் நேரப்படி காலை 9.30-க்குத் திறக்கும். நமக்கு அது கோடையில் இரவு 7, அவர்களுடைய குளிர்காலத்தில் இரவு 8. அன்றைய எண்ணுக்காகக் காத்திருந்தால் நமக்கு இருட்டிவிடும். அதனால் மேற்கு 30 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருக்கும் எல்லா நாடுகளுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தேதி இன்றையது, சந்தை எண் முந்தைய நாளுடையது. சனி, ஞாயிறு சந்தை கிடையாது. ஆகவே வெள்ளி இரவு எட்டு மணிக்கு மேல் பார்த்தால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் புள்ளியும் தெரிந்துவிடும். தேதி மாறுவதால் மூன்றும் வேறு வேறு இடம்.

எல்லா நாளும் போக முடியுமா? ஒரு டிகிரிக் கட்டம் நம் பக்கத்தில் வடக்கு தெற்காகச் சுமார் 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 110. கிட்டத்தட்ட 12,000 சதுர கிலோமீட்டர். காரைக்குடியை மையமாக வைத்து 20 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 1,250. அதாவது சராசரியாகப் பத்து நாளில் ஒரு நாள்தான் புள்ளி அந்த வட்டத்துக்குள் விழும். மற்ற நாளில் அது மணப்பாறையிலோ பரமக்குடிப் பக்கமோ இருக்கும். பொறுமை வேண்டும்.

ஒரு சுவையான செய்தி. மன்றோ தன் சித்திரத்தில் உதாரணமாகக் காட்டிய நாள் 2005 மே 26. அதில் வந்த பின்னங்கள் .857713, .544544. அவர் அவற்றை சான் பிரான்சிஸ்கோ கட்டத்தில் போட்டார். அதே பின்னங்களை நம் 9, 78 கட்டத்தில் போட்டுப் பாருங்கள். சிவகங்கைக்குக் கிழக்கே, நாட்டரசன்கோட்டைப் பக்கம் வந்து விழுகிறது! கண்ணுடையநாயகி கோயில் இருக்கும், கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டை. இந்த விளையாட்டின் முதல் உதாரணமே நம் சீமைக்குள் ஓர் இடத்தைக் காட்டுகிறது என்று பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

#9 கிண்டா (ஈப்போ, மலேசியா)

எங்கள் ஐயா கொத்தமங்கலத்திலிருந்து கப்பல் ஏறியவர். நான் செட்டிநாட்டுக்கு வந்ததெல்லாம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும்தான். வளவும் முகப்பும் எனக்குத் தெரியும். வரத்துக்கால் எழுதிய கண்மாயைப் போல ஒன்றை நான் ரயில் ஜன்னல் வழியாகக்கூடக் கவனித்ததில்லை. அந்த ஆத்தா சொன்ன தண்ணீர் வழியைப் படித்துவிட்டு என் அப்பச்சியிடம் போனில் கேட்டேன். அவர் சின்ன வயதில் நீந்திய கண்மாயின் பெயரைச் சொன்னார். இத்தனை வருடத்தில் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

கணக்கன் அவர்களே, ஒரு கேள்வி. ஒரு நாளின் பின்னம் எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றுதானே? அப்படியென்றால் ஈப்போ இருக்கும் 4, 101 கட்டத்திலும் அதே பின்னம் வருமா?

#10 கணக்கன்

வரும். மலேசியாவும் 30 டிகிரி விதிக்குள்தான், தேதியும் சந்தை எண்ணும் ஒன்றே. காரைக்குடிக்காரர்கள் 10.xxxx, 78.yyyy என்ற இடத்தில் நிற்கும்போது நீங்கள் 4.xxxx, 101.yyyy-இல் நிற்கலாம். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கள் ஓர் இலக்கம் மாறாது. மலைக்காட்டுக்குள் விழுந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

#11 முகப்புத்தூண்

எல்லாவற்றையும் படித்தேன். கண்மாயைப் பற்றி எழுதியது மனதில் நிற்கிறது, மறுக்கவில்லை. என் பேச்சிலும் நான் நிற்கிறேன். ஒரு தூம்பைப் பார்த்தீர்கள், அளவெடுத்தீர்களா? தூணில் எழுத்து இருந்ததா? குமிழித் தூம்புத் தூண்களில் கல்வெட்டு இருப்பது புதுக்கோட்டைச் சீமையில் சாதாரணம். யார் செய்துகொடுத்தார்கள், எந்த அரசன் காலம் என்று இருக்கும். பார்த்துவிட்டு வந்ததோடு விட்டால், வீடுகளைப் பார்க்காமல் விட்டு இழந்ததைப் போலவே இதையும் இழப்போம். போகிறவர்கள் கையில் ஒரு டேப்பும் நோட்டும் கொண்டு போங்கள். கல்வெட்டு இருந்தால் மாவு பூசாமல், சுரண்டாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். காலை அல்லது சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகத் தெரியும்.

#12 வரத்துக்கால்

அண்ணே, இது நல்ல யோசனை. தெற்குத் தூணின் உள்பக்கம் ஏதோ கோடுகள் இருந்தன. உச்சி வெயிலில் ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீர் வருவதற்குள் அங்கே மறுபடி போவோம். நீங்கள் வந்தால் எழுத்தைப் படிக்க முடியுமே. தேவகோட்டையிலிருந்து நான் வந்து கூட்டிப் போகிறேன்.

#13 முகப்புத்தூண்

வருகிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும், அப்போதுதான் வெயில் சாய்வாக விழும்.

#14 செம்புரை (கோட்டையூர்)

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். யாரும் சொல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

செம்மண் பொட்டலில் சுருட்டை விரியன் அதிகம். சின்னப் பாம்பு, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். முழு ஷூவும் கெட்டியான பேன்ட்டும் போடுங்கள். புதரை விலக்கக் கையை விடாதீர்கள், கம்பு வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று மொட்டைக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரை மட்டத்தில் வாய் திறந்து கிடக்கும், சுற்றிலும் கருவேலம் மூடியிருக்கும். போன் திரையைப் பார்த்துக்கொண்டே கடைசி நூறு மீட்டரை நடப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஒருவர் திரையைப் பார்க்கட்டும், இன்னொருவர் தரையைப் பார்க்கட்டும்.

#15 பனங்கிழங்கு

அக்கா, இதை எல்லோரும் படிக்க வேண்டும்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குள் புள்ளி விழுந்தால் என்ன செய்வது? கூடு கட்டும் காலத்தில் உள்ளே இறங்க எனக்கு மனம் வரவில்லை.

#16 பழைய சங்கிலி

இறங்கக் கூடாதம்மா. 1977-இல் சரணாலயம் ஆன இடம். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவை கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டுவிட்டவர்கள். அவர்கள் ஊரில் போய் ஓர் எண்ணுக்காகக் கண்மாய்க்குள் நடப்பது தகாது. கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், எத்தனை மீட்டர் தள்ளி நின்றீர்கள் என்று எழுதுங்கள், போதும். செட்டிநாடு கால்நடைப் பண்ணை, பழைய விமானதளம் மாதிரி அரசு வேலிக்குள் விழுந்தாலும் இதேதான்.

#17 வரத்துக்கால்

சனிக்கிழமைப் புள்ளி வந்துவிட்டது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

வடக்குக் கட்டத்தில் விழுந்தது திருச்சிக்கு அப்பால், நமக்குத் தூரம். தெற்குக் கட்டத்துப் புள்ளி தேவகோட்டைக்குத் தென்கிழக்கே ஒரு மானாவாரிப் புஞ்சையில். தமிழ்நிலத்தில் பார்த்தேன், பட்டா நிலம். அந்த ஊரில் இருக்கும் மேலக்காட்டான் அண்ணனின் சம்பந்தி மூலம் நிலத்துக்காரரிடம் கேட்டாயிற்று. மிளகாய் எடுத்து முடித்துவிட்டார்களாம், தாராளமாக வாருங்கள், பக்கத்து ஊருணிக் கரையில் உட்காரலாம் என்றார்.

உலகம் முழுக்க வழக்கம் சனி மாலை 4 மணி, நாமும் அதே நேரத்தில் புள்ளியில் இருப்போம். 2.30-க்குத் தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில் கூடுவோம். முதலில் ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டுத்தான் நிலத்துக்கு. ஷூ, கம்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். எண்களை வருகிறவர்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கிண்டா, உங்கள் பின்னமும் அதிலேயே இருக்கும். உங்களுக்கு அப்போது மாலை 6.30, வெளிச்சம் குறைவு, அதனால் நீங்கள் முன்னாலேயே போய்வந்துவிடுங்கள்.

#18 கிண்டா

கிடைத்தது. என் கட்டத்தில் அது ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டம். தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், மாலை 4 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்களாம். மூன்றுக்கே போகிறேன். அப்பச்சி நீந்திய கண்மாய் கொத்தமங்கலத்துக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா? பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

#19 பனங்கிழங்கு

எனக்கு அனுப்புங்கள் அண்ணே. புதுவயலிலிருந்து பக்கம்தான், ஞாயிறு காலையில் நானும் சித்தப்பாவும் போய்ப் பார்க்கிறோம். கலுங்கு, மடை எல்லாம் படம் எடுத்துப் போடுகிறேன். சனிக்கும் நாங்கள் இரண்டு பேர்.